மசில் கார் வைத்திருப்பவர்களே, வாருங்கள்: உங்கள் வண்டி எது, அதை ஏன் விட மனமில்லை?

#1 வுட்வர்ட்வாசி
(ராயல் ஓக், மிச்சிகன் · 1967 போண்டியாக் ஜி.டி.ஓ.)

நம் ஆட்களில் பழைய அமெரிக்க மசில் கார் (நடுத்தர உடம்பில் பெரிய வண்டியின் எஞ்சின்) வைத்திருப்பவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம். போன கோடையில் வுட்வர்ட் அவென்யூவில் எனக்கு முன்னால் ஒரு 69 கேமரோ நின்றது; பின் கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். சிக்னல் மாறிவிட்டது, பேச முடியவில்லை. அந்த நண்பர் இதைப் படித்தால் கை தூக்கவும். மற்றவர்களும் எழுதுங்கள்: என்ன வண்டி, அதில் எது உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது?

என்னுடையது 1967 ஜி.டி.ஓ. 400 க்யூபிக் இன்ச், 335 குதிரைத்திறன், நாலு கியர் மன்சி பெட்டி, ஹர்ஸ்ட் லிவர். இந்த வண்டி பிறந்த கதையே எனக்குப் பெரிய ஈர்ப்பு. 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) தன் பிரிவுகளை எல்லாம் பந்தயத்திலிருந்து விலகச் சொன்னது. அதில் ஒரு பிரிவான போண்டியாக் பேர் வாங்கியதே பந்தயத்தில்தான். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ மூவரும் சேர்ந்து, பெரிய போண்டியாக்குகளுக்கான 389 எஞ்சினை நடுத்தர டெம்பெஸ்டுக்குள் இறக்கினார்கள். நடுத்தர வண்டிக்கு 330 க்யூபிக் இன்ச்சுக்கு மேல் கூடாது என்பது கம்பெனி விதி. புது மாடல் என்று போனால் மேலிடம் தடுக்கும். அதனால் டெம்பெஸ்டின் உயர்ந்த வகையான லெமான்ஸ் வாங்குபவர் கூடுதலாகக் கேட்டு வாங்கும் ஜி.டி.ஓ. என்ற ஆப்ஷனாக, 295 டாலர் 90 செண்டுக்கு விற்றார்கள். 5,000 வண்டி போகும் என்பது கணக்கு. 1964இல் போனது 32,450. அப்புறம் மற்ற எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள்.

1966 வரை மூன்று கார்பரேட்டர் வைத்த ட்ரை-பவர் கிடைத்தது. 1967இலிருந்து கார்வெட்டைத் தவிர வேறு எதிலும் ஒன்றுக்கு மேல் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதனால் என் வண்டியில் ஒரே ஒரு ரோசெஸ்டர் குவாட்ராஜெட்தான். இதைக் குறைவாகப் பேசுபவர்கள் நிறையப் பேர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்னால் இரண்டு சிறிய துவாரம், பின்னால் இரண்டு மிகப் பெரிய துவாரம். நிதானமாகப் போகும்போது சிறியவை மட்டும் வேலை செய்யும். காலை முழுதாக அழுத்தினால் பின்னால் இருப்பவை திறக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் பானட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமலாக வரும், முதுகு சீட்டோடு ஒட்டும். அந்த இரண்டு நொடிக்காகத்தான் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஷெட்டில் மூடி வைத்துக் காத்திருக்கிறேன்.

---

#2 மோப்பார்_383
(ஹூஸ்டன், டெக்சாஸ் · 1969 பிளிமத் ரோட் ரன்னர்)

அண்ணா, நல்ல இழை. ஜி.டி.ஓ. முதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1967 வாக்கில் அதெல்லாம் விலை ஏறிப்போன வண்டி. வாலிபப் பையன் கைக்கு எட்டாது. அந்த இடத்தில்தான் 1968இல் எங்கள் ரோட் ரன்னர் வந்தது. கால் மைல் தூரத்தின் முடிவில் மணிக்கு 100 மைல் வேகம், விலை 3,000 டாலருக்குள்: இதுதான் குறிக்கோள். 383 எஞ்சினுக்கு 440இன் சிலிண்டர் ஹெட், கேம் ஷாஃப்ட் எல்லாம் போட்டு 335 குதிரைத்திறன் ஆக்கினார்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் உள்ளே: முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட், தரையில் கார்பெட் கிடையாது, ரப்பர் பாய். ஆடம்பரத்தில் சேமித்ததை எஞ்சினில் போட்ட வண்டி. இதைவிட நேர்மையான கார் எனக்குத் தெரியாது.

ஹார்னைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹார்னும் அதே பறவை மாதிரி 'பீப் பீப்' என்று கத்தும். என் பெண்ணைப் பள்ளியில் விடும்போது குழந்தைகள் எல்லோரும் அதை அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அடிப்பேன்.

நான் நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். எது கெட்டாலும் பிரித்துப் பார்த்துச் சரி செய்யலாம் என்ற நம்பிக்கை அங்கே வந்தது. இந்த வண்டியில் முன் சஸ்பென்ஷனுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை, நீளவாக்கில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. ஒரு போல்ட்டைத் திருகினால் முன் உயரம் மாறும். ஸ்பேனரோடு கீழே படுத்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இன்றைய வண்டிகளில் பானட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

---

#3 289_செல்வி
(டியர்பார்ன், மிச்சிகன் · 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிள்)

மஸ்டாங்கை இங்கே சேர்ப்பீர்களா? 289, நாலு பேரல் (துவாரம்) கார்பரேட்டர், 225 குதிரைத்திறன், ஃபோர்டு குறியீட்டில் ஏ எஞ்சின். கண்டிப்பான ஆட்கள் இது போனி கார் (சிறிய ஸ்போர்ட்டி வண்டி), மசில் கார் அல்ல என்பார்கள். நடுத்தர உடம்பில் பெரிய வண்டியின் எஞ்சின் என்பதுதான் இலக்கணம் என்றால் சரிதான், என்னுடையது வெளியேதான். ஆனால் ஃபால்கனின் அடித்தளத்தில் 2,368 டாலருக்கு ஒரு அழகான வண்டி என்று 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டினார்களே, அதனால்தான் கேமரோ, ஃபயர்பேர்ட், சேலஞ்சர் எல்லாம் வந்தன. அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்ணை வாசலில் நிறுத்த வேண்டாம்.

(பிளிமத் பாரகூடா ஏப்ரல் 1ஆம் தேதியே வந்துவிட்டது என்று மோப்பார் அண்ணன் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

சத்தத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே! எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் அதுதான். வேலையும் எஞ்சின் சோதனைதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். வி8இன் கிராங்க் ஷாஃப்டை முன்னாலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல 90 டிகிரி இடைவெளியில் வளைவுகள் இருக்கும். கிராங்க் 90 டிகிரி சுற்றுக்கு ஒரு சிலிண்டர் வெடிக்கும், அதில் ஒழுங்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பாருங்கள். அந்தக் கால செவ்ரோலே எஞ்சினில் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எல்லாம் ஓட்டுநர் பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். 8, 4 இரண்டும் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் வெடிக்கின்றன. 5, 7 அதேபோல் எதிர்ப் பக்கத்தில். ஃபோர்டில் சிலிண்டருக்கு எண் போடும் முறை வேறு, விளைவு இதுவே. ஆக, ஒவ்வொரு சைலன்சர் குழாயிலும் இரண்டு வெடிப்பு நெருக்கமாக விழுந்து, அப்புறம் ஒரு இடைவெளி வரும். அந்த நெருக்கமும் இடைவெளியும்தான் நாம் கேட்கும் 'குபு... குபுகுபு'. தனித்தனி இரட்டைக் குழாய் வைத்த வண்டியில் அது அப்படியே வெளியே வருகிறது. ஃபெராரியின் வி8இல் கிராங்க் தட்டையானது; வெடிப்பு பக்கம் மாறி மாறி ஒரே சீராக விழும், அதனால் அது கீச்சென்று உயரும். அதுவும் அழகுதான். ஆனால் ஐட்லிங்கில் நிற்கும்போதே உடம்புக்குள் கேட்பது நம் வண்டிதான்.

---

#4 வுட்வர்ட்வாசி

செல்வி, தாராளமாகச் சேர்ப்போம். இந்த விளக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கேரேஜில் ஒட்டப் போகிறேன். போண்டியாக்குக்கும் அதே 1-8-4-3-6-5-7-2தான்.

---

#5 மேப்பிள்_396
(ஸ்கார்பரோ, ஒன்ராறியோ · 1967 போமான்ட் எஸ்.டி.396)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வண்டியை அமெரிக்காவில் இருக்கிற நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் கதைக்கிறேன்.

அந்தக் காலத்தில் கனடாவில் போண்டியாக்-பியூக் விற்பனையாளர்களுக்கென்று தனி வண்டிகள் இருந்தன. போமான்ட் அப்படி ஒன்று. உடம்பும் எஞ்சினும் செவ்ரோலே செவெல்லுடையது, உள்ளே டாஷ்போர்டு போண்டியாக் டெம்பெஸ்டினுடையது, முன் கிரில்லும் பின் விளக்கும் தனி. 1966இலிருந்து 1969 வரை போமான்ட் ஒரு தனிப் பெயராகவே விற்கப்பட்டது. சின்னத்தில் மேப்பிள் இலை இருக்கும். என்னுடையது ஒஷாவா தொழிற்சாலையில் செய்தது. இப்போது நான் குடியிருக்கிற இடத்திலிருந்து கிழக்கே அரை மணித்தியாலக் கார் ஓட்டம்.

அப்பா எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதல் வேலை ஒரு பாகங்கள் செய்யும் ஃபாக்டரியில். அங்கே அவரோடு வேலை செய்த ஒரு கனடியர் இந்த வண்டியில்தான் வருவார். பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் அப்பாவைத் தன் மற்ற வண்டியில் ஏற்றிப் போவார், கோடையில் இதில். ஓய்வு பெற்று வீட்டை விற்கும்போது அப்பாவிடம்தான் முதலில் கேட்டார். அப்பா என்னிடம் சொன்னார், நாங்கள் வாங்கிவிட்டோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாதான் ஓட்டுவார். கோயிலுக்குப் போய்ப் பார்க்கிங்கில் நிறுத்தினால் அரிச்சனை முடிந்து வெளியே வர நேரமாகும், ஏனென்றால் பத்துப் பேர் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். அவருக்கு அதில் ஒரு சலிப்பும் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லுவார்.

கனடாவில் செய்த ஜி.எம். வண்டிகளுக்கு ஒரு வசதி உண்டு. பழைய தயாரிப்புப் பதிவுகளைப் பார்த்து, உங்கள் வண்டி எந்த எஞ்சின், எந்த ஆப்ஷனோடு வெளியே போனது என்று அத்தாட்சிப் பத்திரம் வாங்கலாம். செவெல் வைத்திருக்கிற அமெரிக்க நண்பர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

---

#6 பழைய_இரும்பு
(டேட்டன், ஒஹாயோ · 1970 செவ்ரோலே செவெல் எஸ்.எஸ். 396)

மேப்பிள் சொன்னது சரி, எனக்கும் அந்தப் பொறாமை உண்டு. 1966, 67, 68 செவெல்லில் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) என்றால் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) 138இல் தொடங்கும், பார்த்தவுடன் தெரியும். 1969இலிருந்து எஸ்.எஸ். வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது. செவெல்லின் சாதாரண வகையான மாலிபுவுக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் வின் நம்பரில் வித்தியாசம் கிடையாது. பானட்டில் கோடு போட்டு, கிரில்லில் சின்னம் வைத்து, எஸ்.எஸ். என்று இன்றைக்கு விற்கப்படுபவற்றில் போலி தாராளம். தெரிந்த குடும்பம் ஒன்று இப்படி ஒரு விற்பனையாளரிடம் எஸ்.எஸ். விலை கொடுத்து மாலிபு வாங்கி வந்தது.

வாங்குபவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேல் பக்கத்திலோ பின் சீட்டு ஸ்பிரிங்கிலோ தொழிற்சாலை பில்டு ஷீட் (வண்டியில் என்னென்ன மாட்ட வேண்டும் என்ற சீட்டு) சொருகியிருக்கலாம். எலி விட்டு வைத்திருந்தால் அது தங்கம். அந்தக் கால வாரண்டிப் புத்தகத்தில் 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற உலோகத் தகடு இருந்தால் எஞ்சின் குறியீடு அதில் அடித்திருக்கும். அடுத்து எஞ்சின் பிளாக். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான இடத்தில் எஞ்சின் குறியீடும் வின் நம்பரின் ஒரு பகுதியும் அடித்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலை எந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் அந்த இடத்தில் ஓடும். அவை இல்லாமல் வழவழப்பாக இருந்தால், யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாக நம்பர் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். போண்டியாக் ஆட்களுக்கு 1966 முதல் வின் 242இல் தொடங்கினாலே ஜி.டி.ஓ.தான், பிரச்சினை குறைவு.

1970 செவெல்லில் 396 என்று சின்னம் போட்டிருந்தாலும் எஞ்சின் உண்மையில் 402 க்யூபிக் இன்ச். இது போலி அல்ல, தொழிற்சாலையே செய்தது. அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் பிரபலமான பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

என் கருத்து இதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின், வந்த கியர் பெட்டி, வந்த நிறம் மூன்றும் இருக்கும் வண்டி ஒரு ஆவணம். அதை மாற்றக் கூடாது. தேவைக்கு மேல் ஓட்டவும் கூடாது. எல்.எஸ். எஞ்சின் (ஜி.எம்.மின் நவீன வி8) மாட்டுவதெல்லாம் எனக்கு வருத்தம்.

---

#7 ஃபீனிக்ஸ்_68
(ஃபீனிக்ஸ், அரிசோனா · 1968 செவ்ரோலே கேமரோ, எல்.எஸ்.3)

வருத்தம் தரும் கட்சி நான்தான், வணக்கம்.

என் கேமரோ தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்தது. நான் பார்த்தபோது எஞ்சினே இல்லை, டிக்கியில் இரண்டு டயரும் ஒரு தேள் குடும்பமும் இருந்தன. ஆனால் அரிசோனா வெயிலில் கிடந்த வண்டி, துரு என்பது துளிகூட இல்லை. அதில் 430 குதிரைத்திறன் எல்.எஸ்.3, ஃபியூயல் இஞ்செக்ஷன், ஏ.சி. போட்டேன். ஜூலையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கார்பரேட்டர் வண்டிகள் சிக்னலில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் அணைகிறது. நான் அதே வெயிலில் அலுவலகம் போகிறேன், தினமும். மனைவி ஓட்டுகிறாள், பையன் ஓட்டப் பழகியதும் இதில்தான். அந்த உடம்பு சாலையில் போகும்போது மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், கை காட்டுகிறார்கள். எந்த வரலாறும் அழியவில்லை. காயலான் கடைக்குப் போக வேண்டியது ஓடுகிறது.

---

#8 மோப்பார்_383

> தேவைக்கு மேல் ஓட்டவும் கூடாது

இரும்பு சார், மரியாதையோடு மறுக்கிறேன். ஓடாமல் நிற்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும். எஞ்சின் சீல் காயும், கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பசையாகும், பிரேக் சிலிண்டருக்குள் ஈரம் சேர்ந்து துரு பிடிக்கும், டயர் ஒரே பக்கம் அமுங்கும். வாரம் ஒரு முறை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினால் இதில் பாதி வராது. அதைவிட முக்கியம், ரோட் ரன்னரைச் செய்தவர்கள் அதைப் போர்வைக்குள் வைக்கவா செய்தார்கள்? 383 பாடுவதை என் பெண்ணின் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் யாராவது ஒருவர் நாளைக்கு ஒன்றை வாங்கிக் காப்பாற்றுவார்கள். கயிறு கட்டித் தள்ளி நிறுத்தினால் அந்த ஆசை எப்படி வரும்?

---

#9 289_செல்வி

மாற்றலாமா கூடாதா என்பதில் பிரேக்கைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். 1967 மாடலுக்கு முந்திய பெரும்பாலான வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு ஒரே ஒரு சுற்று. எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 67இலிருந்துதான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி. என் 66இல் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன்னால் டிஸ்க்கும் போட்டுவிட்டேன். பழைய டிரம் செட், குழாய் எல்லாவற்றையும் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கண்காட்சிக்காரருக்கு வேண்டுமானால் ஒரே வார இறுதியில் திரும்ப மாட்டலாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இதைச் செய்யாமல் இருப்பது பக்தி அல்ல.

---

#10 பழைய_இரும்பு

செல்வி சொல்வதில் நியாயம் இருக்கிறது, முழுதாக ஒப்புக்கொள்கிறேன். என் எல்லைக்கோட்டை இப்படிப் போடுகிறேன்: கழற்றி மாட்டக்கூடியது எதுவும் சரி, பழையதைப் பத்திரமாக வைக்க வேண்டும். வெட்டுவது, புது ஓட்டை போடுவது, வெல்டு வைத்து மாற்றுவது கூடாது. ஃபீனிக்ஸ் நண்பரின் வண்டி ஆறு சிலிண்டர், எஞ்சின் இல்லாமல் கிடந்தது என்பதால் அதில் எனக்குச் சண்டை இல்லை. உண்மையான இசட்/28 (கேமரோவின் பந்தய வகை) ஒன்றில் அதைச் செய்திருந்தால் இரவு முழுக்க எழுதுவேன்.

மோப்பார் தம்பி, ஓட்டுவது பற்றி யோசிக்கிறேன். இந்த வருடம் வுட்வர்டுக்கு டிரெய்லரில் கொண்டுபோவதாக இருந்தேன்.

---

#11 வுட்வர்ட்வாசி

ஓட்டிக்கொண்டே வாருங்கள் சார், டேட்டனிலிருந்து ஐ-75இல் ஏறினால் நேரே வரலாம். தெரியாதவர்களுக்கு: வுட்வர்ட் ட்ரீம் குரூஸ் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை. 1995இல் ஃபெர்ன்டேல் ஊரில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் கட்டப் பணம் திரட்டத் தொடங்கியது. அறுபதுகளில் இதே சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் ஓடியது; டெட்ராய்ட் எஞ்சினியர்களே புது எஞ்சின்களைக் கொண்டுவந்து இரவில் போட்டுப் பார்த்த இடம். சனிக்கிழமை கூட்டத்தில் எஞ்சின் சூடேறும், கிளட்ச் கால் மரத்துப்போகும். நான் சொல்வது புதன், வியாழன் மாலை. ராயல் ஓக் பக்கம் ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், அந்த ஊர்வலத்தின் நல்ல பாதி அப்போதே வந்துவிடும்.

மிச்சிகன் காரர்களுக்கு ஒரு செய்தி: 25 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் வாங்கினால் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி, பழுது பார்த்துச் சோதிப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம். ஆனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஊரின் மனது அதில் தெரிகிறது.

---

#12 மில்பிடாஸ்_புதுசு
(மில்பிடாஸ், கலிஃபோர்னியா · இன்னும் வண்டி இல்லை)

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். எனக்கு இவ்வளவு நாளாக இருந்த ஆசை இப்போது தாங்கவில்லை. பக்கத்தில் ஒருவர் 1966 மஸ்டாங் ஹார்டுடாப் விற்கிறார். 289 என்கிறார். வின் நம்பரின் தொடக்கம் 6R07C. ஆங்கில எழுத்துக்கு மன்னிக்கவும், தமிழில் சொன்னால் 6, ஆர், 07, சி. இது நல்ல தொடக்கமா? என்ன பார்க்க வேண்டும்? சுத்தமான மசில் காரைவிட விலை குறைவு என்பதால் கேட்கிறேன். 1973, 74 வண்டிகள் இன்னும் மலிவாக இருக்கின்றன, அது ஏன்?

---

#13 289_செல்வி

தம்பி, நல்ல தொடக்கம். அந்த வின் நம்பர் என்ன சொல்கிறது பாருங்கள். 6 என்றால் 1966. 07 என்றால் ஹார்டுடாப். சி என்றால் 289, இரண்டு பேரல் கார்பரேட்டர், 200 குதிரைத்திறன். ஆறு சிலிண்டராக இருந்தால் அந்த இடத்தில் டி இருக்கும். ஆக, அவர் 289 என்றது உண்மை. ஆர் என்பது தொழிற்சாலை: சான் ஹோசே. பெயர்தான் சான் ஹோசே, தொழிற்சாலை இருந்தது உங்கள் மில்பிடாஸில். 1983இல் மூடினார்கள். நீங்கள் துணி வாங்கப் போகும் கிரேட் மால் அந்தக் கட்டடம்தான். அந்த வண்டி உங்கள் ஊரில் பிறந்தது!

முதலில் பார்க்க வேண்டியது கௌல். முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே காற்று உள்ளே போகச் சிறு துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி ஓரமாக வெளியேற வேண்டும். உள்ளே துரு பிடித்திருந்தால் தண்ணீர் காலடியில் கொட்டும், தரைத் தகடு அரிக்கும். ஒரு குடம் தண்ணீர் கேட்டு அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றுங்கள், இன்னொருவர் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு பார்க்கட்டும். சொட்டினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதைச் சரி செய்ய முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். அப்புறம் கார்பெட்டைத் தூக்கித் தரை, டிக்கி ஓரங்கள், பின் சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். இந்த மாடலில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை, அதனால் அங்கே பெட்ரோல் வாடை அடித்தால் அலட்சியம் வேண்டாம்.

---

#14 மோப்பார்_383

1973 கேள்விக்கு நான். 1970தான் உச்சம். நடுத்தர வண்டிக்கு இருந்த எஞ்சின் வரம்பை (330ஆக இருந்து அதற்குள் 400 க்யூபிக் இன்ச் ஆகியிருந்தது) ஜி.எம். எடுத்தது, செவெல்லில் 454 எல்.எஸ்.6 வந்தது, 450 குதிரைத்திறன். எங்கள் கிரைஸ்லர் பக்கம் 426 ஹெமி, 440 சிக்ஸ் பேக். அடுத்த வருடமே இறக்கம். காற்று மாசுச் சட்டம், ஈயம் குறைந்த பெட்ரோல். அதற்காக 1971இல் ஜி.எம். எஞ்சின்களின் கம்பிரஷனைக் குறைத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இளைஞர்களிடம் மாதத் தவணையை மிஞ்சும் பிரீமியம் கேட்டன. 1973 அக்டோபர் எண்ணெய்த் தடை கடைசி அடி.

ஒரு விஷயம் மட்டும் கவனம். 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. அதற்கு முன் எஞ்சினை மட்டும் தனியாக ஓட்டி அளந்த எண். பின்பு ஃபேன், சைலன்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாட்டி அளந்த எண். செவ்ரோலே 454 ஒன்று 1971இல் 365, 1972இல் 270 என்று பேப்பரில் விழுந்ததற்குப் பெரிய காரணம் இதுதான். அதனால் 72 வண்டிகளை எண்ணைப் பார்த்து ஒதுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு இரண்டு காரியம். இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது தின்னும். எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றுங்கள், இது தீ விபத்து சம்பந்தப்பட்டது. அடுத்து ஆயில். இந்த எஞ்சின்களில் கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் ஒன்றை ஒன்று உரசி ஓடும். துத்தநாகம் கலந்த ஆயில் வேண்டும். நவீன ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய வண்டிகளுக்கென்று விற்பதையே வாங்குங்கள். மைலேஜ் கேட்காதீர்கள். என் வண்டி கேலனுக்கு 11, 12 தரும், நான் அதைக் கேட்பதில்லை.

---

#15 மேப்பிள்_396

தம்பிக்கு இன்னொன்று. செல்வி அக்காவின் ஊரில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் மஸ்டாங் சீரியல் நம்பர் ஒன்று நிற்கிறது. அது முதலில் விற்பனையானது எங்கட கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தில். காட்சிக்கு அனுப்பிய வண்டியை ஸ்டான்லி டக்கர் என்ற விமானி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஃபோர்டு திரும்பக் கேட்டபோது அவர் உடனே கொடுக்கவில்லை, நல்லாய் ஓட்டித் தீர்த்தார். பத்து லட்சமாவது மஸ்டாங்கை மாற்றுக்குத் தந்த பிறகுதான் கொடுத்தார். முதல் வண்டியே ஓட்டப்பட்ட வண்டிதான், பழைய இரும்பு அண்ணை!

---

#16 மில்பிடாஸ்_புதுசு

போய்ப் பார்த்துவிட்டேன். விற்பவர் பெரியவர், தண்ணீர் ஊற்ற அனுமதி கேட்டதும் சிரித்தார். நான் விஷயம் தெரிந்து வந்தவன் என்று நினைத்துவிட்டார். ஓட்டுநர் பக்கம் ஒரு சொட்டு இல்லை. பயணி பக்கம் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் லேசாக ஈரம், ஆனால் தரைத் தகடு உறுதியாக இருக்கிறது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டுகிறது, இடது பின் சக்கரத்துக்கு மேல் உள்ளங்கை அளவு தவிர. எஞ்சினைக் கிளப்பினார். செல்வி அக்கா, நீங்கள் எழுதிய அந்த நெருக்கமும் இடைவெளியும் கேட்டது! கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை என்பதால் அந்தக் கவலையும் இல்லை. அந்த ஈரம் ஆபத்தா?

---

#17 289_செல்வி

ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் என்றால் இரண்டு வாய்ப்பு. கௌல் அரித்திருக்கலாம், அல்லது ஹீட்டர் குழாயில் கூலண்ட் கசியலாம். கூலண்ட் என்றால் சின்ன வேலை. இன்னொரு முறை போங்கள். எஞ்சினைக் கிளப்பாமல், வண்டி நன்றாக ஆறிய பிறகு, பயணி பக்கத்துத் துளையில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கீழே வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். துணியில் பச்சையாகவோ இனிப்பு வாசனையோடோ வந்தால் கூலண்ட். சுத்தமான தண்ணீரோ துருப் பழுப்போ வந்தால் கௌல். அந்த உள்ளங்கை அளவு இடத்தைச் சக்கர வளைவுக்கு உள்ளிருந்து படம் எடுங்கள், பானட்டுக்குக் கீழே ஷாக் டவர் (ஷாக் அப்சார்பர் மாட்டும் தகடு) இரண்டையும், முன் கதவை மூடும்போது இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்பதையும் எடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு எவ்வளவு கேட்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

---

#18 பழைய_இரும்பு

பெரியவரிடம் பழைய பில், சர்வீஸ் சீட்டு, பழைய நம்பர் பிளேட் எது இருந்தாலும் கேட்டு வாங்குங்கள் தம்பி. விற்ற பிறகு அவருக்கு அது தேவைப்படாது, உங்களுக்குத் தேவைப்படும்.

வுட்வர்ட்வாசி, ஆகஸ்டில் ஓட்டிக்கொண்டே வருகிறேன். டொலிடோவுக்கு அப்புறம் எத்தனால் கலக்காத பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.